ஏற்றத்தில் நிற்காத கெப்

மூன்று வருஷமாக என் வண்டியை ஒரு சாமி பின்னாலிருந்து கையால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாமிதான் பிடிக்கிறதே என்று ஹேன்ட்பிரேக்கை முழுதாக இழுப்பதையும் விட்டுவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறவன். தோட்டத்தில் யாருக்காவது சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட ஆள் செய்த காரியம் இது.

வண்டி என்றால் பிக்கப். எங்கள் பக்கத்தில் அதைக் கெப் என்போம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. எங்கள் தோட்டம் வட்டகொடைக்கு மேலே இருக்கிறது. லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் நானும் மனைவியும் லீக்ஸும் கரட்டும் போடுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் அதையும் அக்கம்பக்கத்து மரக்கறியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா சந்தைக்குப் போவோம். இருபது வருஷம் அந்த டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவன் நான். நாற்பத்தாறு வயதில், இனி என் காலில் நான் நிற்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, நான்கு சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

ஓட்டப் படித்தது நுவரெலியா வாவியை ஒட்டிய ரோட்டில். தோசைக்கல் மாதிரி தட்டையான ரோடு. லைசன்ஸ் பரீட்சைக்கு வந்தவர் என்னை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லவில்லை. நானும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அதனால் மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்து, மலைநாட்டிலேயே வண்டி ஓட்டுகிற எனக்கு, ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கத் தெரியாது.

தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. கிளச்சைப் பாதி விட வேண்டும், எக்சிலேட்டரை மிதிக்க வேண்டும், வண்டி முன்னால் இழுக்கிற அந்த நொடியில் ஹேன்ட்பிரேக்கை இறக்க வேண்டும். இரண்டு காலும் ஒரு கையும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். என் கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசாதவை. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கெப் முதலில் ஒரு முழம் பின்னால் போகும், பிறகு யோசிக்கும், பிறகு குதித்து முன்னால் போகும். பின்னால் நிற்கிற த்ரீவீல்காரர் சொல்கிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். மேலே ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றுவது தெரிந்தால், கீழே தட்டையான இடத்திலேயே ஓரம் கட்டிவிடுவேன். யாராவது பார்த்துக் கேட்பார்கள்.

“என்ன அண்ணே, வண்டி சூடாயிருச்சா?”

“ஆமா தம்பி. கொஞ்சம் ஆறட்டும்.”

வண்டியை மூன்று தடவை கராஜுக்கும் கொண்டுபோனேன். பின்னால் உருள்கிறது, என்னவென்று பாருங்கள் என்றேன். கராஜ் பாஸ் சிங்களவர், பொறுமையான மனுஷன். கீழே படுத்துப் பார்த்தார், ஏற்றத்தில் நிறுத்தி ஹேன்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தார். வண்டி சுவர் மாதிரி நின்றது. “மாத்தயா, கெப் எக்க ஹொந்தாய்” என்றார். வண்டி நல்லாத்தான் இருக்கிறது. அந்த ‘கெப்’ என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். பிறகு என் கால்களைப் பார்த்தார். மூன்றாவது தடவை காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனி அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் டிவிஷனுக்கு ஏறுகிற பாதையில் ஒரு இடத்தில் ரோடு சுவரில் சாத்திய ஏணி மாதிரி நிமிர்ந்து, இடது பக்கம் திரும்பும். திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய டர்பன்டைன் மரம். மரத்தடியில் ரோதமுனி. ரோதை என்றால் எங்கள் பேச்சில் சக்கரம், மெஷின். தேயிலை ஃபெக்டரிகளில் மெஷினுக்குக் காவல் ரோதமுனிதான். இந்த முனியும் முன்னே கீழே பள்ளத்தில் இருந்த ஃபெக்டரிக்குள் இருந்ததாம். ஃபெக்டரியை மூடி மெஷின்களைப் பழைய இரும்புக்கு விற்றபோது முனிக்குப் பாதுகாக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. டிரைவர்மார்தான் அந்தக் கல்லை மேலே தூக்கிவந்து வளைவில் வைத்தார்கள். முழங்கால் உயரக் கருங்கல். கண் கிடையாது, மீசை கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கு மட்டும். கண் இல்லாத கல் நம்மைப் பார்க்காது என்றுதான் நினைப்போம். அந்த வளைவில் நின்று பார்த்தால் தெரியும்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஏறுகிற வண்டி நிற்க வேண்டும். ஹார்ன் அடிக்கக் கூடாது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கும்பிட்டு, திருநீற்றை எடுத்துவந்து பொனட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். இறங்குகிற வண்டிக்கு இந்தச் சட்டம் கிடையாது. உலகத்தில் நான் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாதோ, சரியாக அந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் சாமியை வைத்திருந்தார்கள்.

சாதாரண நாளிலேயே அங்கே யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். பனிமூட்டம் இறங்கிய நாளில் இன்னும் மோசம். பள்ளத்தில் கூரையில்லாத ஃபெக்டரியிலிருந்து ஒரு சத்தம் வரும். மெதுவாக ஏதோ சுற்றுகிற மாதிரி, கர்ர், கர்ர் என்று. ஆற்றுத் தண்ணீர் என்பார்கள். ஆடுகிற தகரம் என்பார்கள். எல்லாருக்கும் காரணம் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

மூட்டம் கண்ணையும் ஏமாற்றும். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது மூட்டம் கண்ணாடியைத் தாண்டி மேலே ஓடினால், நின்ற வண்டி பின்னால் சறுக்குகிற மாதிரி இருக்கும்.  ஜன்னலைத் திறந்து தரையைப் பார்த்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் மழைக்காலத்தில் இப்படி எத்தனையோ தடவை ஏமாந்து, கால் வலிக்கப் பிரேக்கை மிதித்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டேன். அது மூட்டம்தான், வண்டி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இந்தப் பழக்கம் பின்னால் எனக்கு என்ன செய்தது என்பதற்கு வருகிறேன்.

கெப் வாங்கிய முதல் வாரம் அந்த வளைவில் நிறுத்தினேன். பக்கத்தில் மனைவி இருந்தாள். நான் இறங்குவதற்கு முன்பே அவள் இறங்கிவிட்டாள். வண்டிக்குப் பின்னால் போய், சக்கரத்தின் பக்கம் குனிந்தாள். கண்ணாடியில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து இரண்டு கையையும் தட்டிக்கொண்டாள். பிறகு முனியின் முன்னால் வந்து கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறாமல் வளைவைத் தாண்டி நடந்தே போய், மேலே தண்ணீர் டாங்கி இருக்கிற சமதரையில் எனக்காக நின்றாள்.

நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கெப்பை எடுத்தேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. நேராக ஏறியது. என் வாழ்க்கையில் முதல் தடவை.

அடுத்த சந்தை நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இலங்கையில் மற்ற எல்லா ஏற்றத்திலும் பின்னால் உருள்கிற வண்டி, எல்லாவற்றிலும் செங்குத்தான அந்த இடத்தில் மட்டும் மலை மாதிரி நின்றது. மனைவி ஒவ்வொரு தடவையும் முதலில் இறங்குவாள், சக்கரத்தைத் தொட்டுக் கும்பிடுவாள், வளைவை நடந்தே ஏறுவாள். சக்கரத்துக்குச் சாமி முனி என்பதால் சக்கரத்தைக் கும்பிடுகிறாள், நடந்து ஏறுவது ஏதோ வேண்டுதல் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவளுக்கு இவ்வளவு பக்தி இருப்பது கல்யாணமாகி இருபது வருஷம் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு தடவை தனியாக வந்தேன். அவள் தங்கச்சி வீட்டுக்குப் பட்டிப்பொலைக்குப் போயிருந்தாள். வளைவில் நிறுத்தினேன், கும்பிட்டேன், எடுத்தேன். கெப் பின்னால் போனது. ஒரு முழம் இல்லை, ஒரு ஆள் படுக்கிற நீளம். பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூட்டத்துக்குள் கல் கறுப்பாகத் தெரிந்தது. அது கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி இருந்தது. தள்ளிப் போனது நான்தான் என்று புரிய நேரமாயிற்று.

அன்றைக்கு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முனி வண்டியைப் பிடிப்பது எனக்காக இல்லை, அவளுக்காக. அவள் திரும்பி வந்ததும் சொன்னேன்.

“நீ வண்டியில இருந்தாத்தான் முனி புடிக்குது. நான் தனியா போனா விட்டுருது.”

அவள் கரட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“சரி” என்றாள்.

அந்தச் ‘சரி’யை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையான பக்தி உள்ளவர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று என் மச்சானிடமும் போய்ச் சொன்னேன். மச்சான் அவளுடைய அண்ணன், தோட்டத்தில் கொழுந்து மூட்டை இழுக்கிற டிரெக்டருக்கு டிரைவர்.

“முனிக்கு வேற வேலையில்லையா மச்சான், ஒன் கரட்ட புடிச்சுக்கிட்டு நிக்க?” என்றான்.

“ஒனக்கு நம்பிக்கை இல்ல. அதான் ஒன் டிரெக்டர் அடிக்கடி நின்னுருது.”

“டிரெக்டர் நிக்கிறது நல்லதுதானே மச்சான். ஒன்னோடது நிக்க மாட்டேங்குதுன்னுதானே ஊரே சிரிக்குது.”

இப்படி மூன்று வருஷம் போனது. ஹேன்ட்பிரேக்கை முழுதாக இழுத்தால் மூன்று நான்கு பல் சத்தம் கேட்கும். இறக்கும்போது எனக்குச் சிக்கும். அதனால் வளைவில் ஒரு பல்லோடு நிறுத்திக்கொண்டேன். முனி பிடிக்கிறதே.

போன ஐப்பசி மழையில் மனைவி லீக்ஸ் பாத்திப் படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு உடைந்துவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் முழங்கால் வரைக்கும் பிளாஸ்டர் கட்டுப் போட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். கையில் ஒரு கம்புக்கட்டை, கக்கத்தில் வைத்து ஊன்றி நடப்பதற்கு. நான் கெப்பைக் கொண்டுபோனேன். அவ்வளவு தூரம் போகிற வண்டி சும்மா திரும்பக் கூடாது என்று வழியில் ஆறு மூட்டை கோழி எருவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னய கூட்டிட்டுப் போக வந்தீங்களா, எருவ கூட்டிட்டுப் போக வந்தீங்களா?”

“ரெண்டு பேரையுந்தான்.”

“அப்ப எரு முன்னுக்கு ஒக்காரட்டும். நான் பின்னுக்கு ஏறுறேன்.”

ஒருவழியாக அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தேன். பிளாஸ்டர் கால் மடங்காது. அதைக் குறுக்கே நீட்டிவைத்தேன். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டுக்குப் பின்னால் கட்டை. இந்தக் காலோடு அவளால் தானாக ஏறவோ இறங்கவோ முடியாது, மேலே லயத்து வாசல் வரைக்கும் வண்டியிலேயே போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் அந்த நாளின் மற்ற கணக்குகளைப் போலத்தான்.

நானுஓயா தாண்டும்போதே மூட்டம். மணி மூன்றுகூட ஆகவில்லை, லைட்டைப் போட்டேன். எங்கள் பாதையில் திரும்பியபோது பொனட்டுக்கு முன்னால் நாலு அடி ரோடு மட்டும்தான் இருந்தது. மீதி உலகத்தை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தேயிலைச் செடி இல்லை, பள்ளம் இல்லை. வைப்பர் மட்டும் அங்கும் இங்கும் போய்வந்தது.

வளைவுக்குக் கொஞ்சம் கீழே வரும்போது மனைவி என் கையைப் பிடித்தாள்.

“இன்னக்கி நிப்பாட்டாதீங்க. நேரா ஏறிருங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளா இப்படிச் சொல்கிறாள் என்று பார்த்தேன்.

“என்னா புள்ள பேசுற. கால் ஒடஞ்சு வாற நாளு. இன்னக்கித்தான் நிப்பாட்டணும்.”

“நான் சொல்றதக் கேளுங்க. நான் எறங்கவும் முடியாது, குனியவும் முடியாது.”

“நீ எறங்காத. ஒனக்கும் சேத்து நானே கும்புட்டுட்டு வாறேன். வலியில என்னமோ ஒளர்ற.”

நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, ஈரத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. லைட்டும் வைப்பரும் அப்படியே. கியரை நியூட்ரலில் போட்டேன். ஹேன்ட்பிரேக், ஒரு பல். குனிந்து காலுக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்தேன், ஒரு செருப்பு பெடலுக்கு அடியில் போய்விட்டது, தேடி எடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு மரத்தை நோக்கி நடந்தேன். ரோடு ஜில்லென்று உள்ளங்காலைத் தொட்டது. கீழே பள்ளத்தில் அந்தச் சத்தம். கர்ர். கர்ர்.

முனியின் முன்னால் கண்ணை மூடி நின்றேன். அவளுடைய எலும்பு சேர வேண்டும் என்று கேட்டேன். லீக்ஸுக்கு நல்ல விலை வர வேண்டும் என்பதையும் இடையில் செருகினேன். திருநீற்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

கெப்பின் இரண்டு லைட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூட்டம் எங்களுக்கு நடுவே மேலே ஓடிக்கொண்டிருந்தது. லைட் இரண்டும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் சின்னதாயின. மஞ்சளாக இருந்தவை வெள்ளையாகி, ஒன்றோடொன்று கொஞ்சம் நெருங்கின. மூட்டம் கெட்டியாகிறது என்று நினைத்தேன். இதற்கெல்லாம் ஏமாறுகிற ஆள் நான் இல்லை என்று நினைத்தேன். கையில் திருநீற்றோடு, வெறுங்காலோடு, நின்ற இடத்தில் நின்றேன்.

முன்னால் ஓடிப்போகிற வண்டி நமக்கு முதுகைக் காட்டும். பின்னால் போகிற வண்டி அப்படியில்லை. அது நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகும். கோபமில்லாமல், அவசரமில்லாமல், ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் பின்வாங்குகிற ஆளைப்போல. எஞ்சின் சத்தமும் உயராமல் தாழாமல் அப்படியே தூரமாகப் போனது. பிறகு டயருக்கடியில் கல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை மூட்டம் போடாது.

அதற்குள் லைட் இரண்டும் அணைந்தது மாதிரி மறைந்துவிட்டன.

ஓடினேன். எந்தப் பக்கம் ரோடு என்று தெரியவில்லை. கால்தான் தார் எது, புல் எது என்று சொன்னது. இந்தப் பாதையில் வலது பக்கம் மண்திட்டு, அதன் அடியில் தண்ணீர் ஓடுகிற கான். இடது பக்கம் ஒன்றுமில்லை. தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஃபெக்டரிப் பள்ளம். மேலே ஏறும்போது இடது என்பது இறங்கும்போது வலது. அந்த நேரத்தில் எனக்கு இரண்டும் குழம்பிப்போனது.

பள்ளத்துப் பக்கப் புல்லில் டயர்த் தடம் இருந்தது. ஒரு தேயிலைச் செடி வேரோடு சாய்ந்து கிடந்தது. உட்கார்ந்து தடத்தைக் கையால் தடவினேன். புதுசு. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை.

“இந்தா புள்ள” என்று கூப்பிட்டேன். குரல் என் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

பதில் வந்தது. “ஏங்க” என்று. அவள் குரல்தான். ஆனால் கீழேயிருந்து வந்தது. கூரையில்லாத ஃபெக்டரிக்குள்ளிருந்து, தகரத்தில் பட்டு, மெலிந்து. நான் சரிவில் ஒரு காலை வைத்தேன். செடி வழுக்கியது. பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது, டயர்த் தடம் சரிவில் இறங்கவில்லை. புல்லின் விளிம்புவரைக்கும் வந்து, அங்கிருந்து வளைந்து மறுபடி ரோட்டுக்கே போயிருந்தது. யாரோ கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பின மாதிரி.

தடத்தின் பின்னால் போனேன். இருபது அடி கீழே, அந்தப் பக்கத்துக் கானில் பின்சக்கரம் இறங்கி, மண்திட்டில் முதுகைச் சாத்திக்கொண்டு கெப் நின்றது. மூக்கு மேலே தூக்கியிருந்தது. லைட் இரண்டும் வானத்தைப் பார்த்து மூட்டத்தில் இரண்டு தூண் நட்டிருந்தன. வைப்பர் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முன் சீட்டில் யாருமில்லை.

கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி உடையவில்லை. சீட்டில் எக்ஸ்ரே உறை மட்டும் இருந்தது, ஒழுங்காக, யாரோ எடுத்துவைத்தது போல. கட்டையைக் காணோம். சீட்டில் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எருமூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. எஞ்சினை அணைத்தேன். எல்லாம் நின்றது. பள்ளத்துச் சத்தமும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

அப்போது மேலேயிருந்து, முனி இருக்கிற பக்கத்திலிருந்து, ரோட்டில் ஒரு சத்தம் இறங்கி வந்தது.

டொக். ஒரு இழுவை. டொக். ஒரு இழுவை.

முனி கையில் தடி வைத்துக்கொண்டு நடக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது கானுக்குள் முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு கையைக் கூப்பினேன்.

“சாமி” என்றேன். “அவள விட்டுரு. அவ ஒண்ணும் செய்யல. எனக்கு ஏத்தத்துல வண்டி எடுக்கத் தெரியாது சாமி. லைசன்ஸ் எடுத்த நாள்லேருந்து தெரியாது. எல்லார்கிட்டயும் வண்டி சூடுன்னு பொய் சொன்னேன். ஹேன்ட்பிரேக்க ஒழுங்கா போடல. நீ புடிப்பேன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது.”

டொக். இழுவை. சத்தம் நின்றது. மூட்டத்துக்குள் ஒரு உருவம், ஒரு பக்கம் சாய்ந்து.

“அது எல்லாருக்கும் தெரியும்” என்றது. “மொதல்ல கான விட்டு மேல ஏறுங்க.”

மனைவி. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் பிளாஸ்டர், கக்கத்தில் கட்டை, தலைமுடியெல்லாம் நீர்த்துளி. நான் ஏறிப்போய் அவளைத் தொட்டுப் பார்த்தேன். தோளைத் தொட்டேன், கையைத் தொட்டேன். 

“எரு நாத்தம்” என்றாள். “கையக் கழுவிட்டுத் தொடுங்க.”

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் கட்டையைப் பிடித்துக்கொண்டு மண்திட்டில் சாய்ந்து நின்றாள்.

“கத்தியிருக்கலாமே” என்றேன் கடைசியில்.

“கத்தத்தான் வாயத் தொறந்தேன். நீங்க வண்டி போறதப் பாத்துக்கிட்டே நின்னீங்க. தெரிஞ்சுதான் நிக்கிறீங்கன்னு நெனச்சேன். பெறகு ஓடுனீங்க. ஏங்க ஏங்கன்னு கூப்புட்டேன். நீங்க பள்ளத்துப் பக்கம் போறீங்க.”

போன் போட்டுச் சொல்லி, மச்சான் டிரெக்டரோடு வரும்போது மணி ஐந்து. மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. புல்லில் இருந்த தடத்தைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான். அவன் கேலி செய்யாமல் இருந்ததுதான் அன்றைக்கு எனக்கு அதிகம் பயமாக இருந்தது. சங்கிலியைக் கட்டி இழுத்தான். மேலே சமதரையில் கெப்பை விட்டபிறகுதான் வாய் திறந்தான்.

“மச்சான், முனி இன்னக்கி லீவா?”

அந்தத் தடம் எப்படி வளைந்தது என்று கராஜ் பாஸிடம் பிறகு கேட்டேன். வளைவில் நிறுத்தும்போது முன்சக்கரம் ஏற்கெனவே திரும்பியிருக்கும், பின்னால் உருளும்போது அது வண்டியைத் திருப்பிவிடும் என்று படம் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் புல்லின் விளிம்பில் அந்தத் தடம் ஒரு சாண் நீளத்துக்கு ஆழமாக இருந்தது, அந்த இடத்தில் மட்டும் வண்டி நின்று யோசித்தது போல. அதை நான் பாஸிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துவிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். 

“எப்ப எறங்குன?”

“நீங்க குனிஞ்சு செருப்பத் தேடுனீங்களே, அப்பவே கதவத் தொறந்து கால வெளிய போட்டுட்டேன். நீங்க கதவச் சாத்துன சத்தத்தோட என் கதவையும் சாத்துனேன்.”

“ஒடஞ்ச காலோடயா? அப்புடி என்னா பக்தி புள்ள ஒனக்கு. நான்தான் ஒனக்கும் சேத்துக் கும்புடுறேன்னு சொன்னேனே.”

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சக்கரத்துகிட்ட குனிஞ்சு நான் என்னா செய்வேன்னு நெனச்சீங்க?”

“தொட்டுக் கும்புடுவ.”

“கல்லு வைப்பேங்க. பின் டயருக்கு அண்டக் குடுத்து, பெரிய கல்லா பாத்து. மூணு வருஷமா. நீங்க வண்டிய எடுத்துட்டுப் போன பெறகு அந்தக் கல்லு நடு ரோட்டுலயே கெடக்கும், அண்ணன்தான் டிரெக்டர்ல வரும்போது எடுத்து ஓரமாப் போடும்.”

மரத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகக் கிடந்த அந்தக் கற்குவியலை நினைத்துக்கொண்டேன். யாரோ வேண்டுதலுக்கு அடுக்கியது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டிருக்கிறேன்.

“சொல்லியிருக்கலாம்ல” என்றேன்.

“சொன்னா ரெண்டு நாளைக்குச் சோறு திங்காம மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீங்க. இன்னக்கி நிப்பாட்டாதீங்கன்னு சொன்னேன்ல. கேட்டீங்களா?”

 வெளியே கெப் சமதரையில் நின்றது. வரும்போது நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

“அப்ப கல்லு வைக்க முடியலன்னுதான் எறங்குனியா? சாமிய கும்புட இல்லையா?”

“சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள். “நீங்க ஏத்தத்துல நிப்பாட்டுன வண்டிக்குள்ள, கல்லும் இல்லாம ஒக்காந்திருக்க நான் என்னா லூசா?”